துறைமுகத்தைப் புதைத்த சேறு: ஓர் ஆற்றுக்காக உள்ளூர் மன்றங்கள் கைகோத்த வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனின் வடகிழக்கு எல்லையை அண்மித்து, அனகோஸ்டியா ஆற்றின் கரையில் பிளேடன்ஸ்பேர்க் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மேரிலண்ட் பிரித்தானியரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1742 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஊர் இது. அன்றைய ஆளுநர் தோமஸ் பிளேடனின் பெயரே ஊருக்குச் சூட்டப்பட்டது. அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டுப் புகையிலையை ஏற்றிச் சென்றன. 1814 ஆகஸ்ட் 24 ஆம் திகதி பிரித்தானியப் படைகள் அமெரிக்கரைத் தோற்கடித்து, அன்று மாலையே வாஷிங்டனுக்குள் புகுந்து தீயிட்டதும் இவ்வூர்ப் போர்க்களத்தின் வழியாகத்தான்.

இன்று அங்கே செல்பவர் காண்பது பூங்காவையும் சிறு படகுகளையும் மாத்திரமே. சமுத்திரக் கப்பல்கள் வந்துபோன துறை என்று சொன்னால் நம்புவது கடினம். அந்தத் துறைமுகத்தை எந்தப் படையும் அழிக்கவில்லை. அது சேற்றில் புதைந்து போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பெரிய கலங்கள் அங்கே வருவது நின்றுவிட்டது.

சேறு எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் எதுவுமில்லை. புகையிலை மண்ணின் வளத்தை விரைவில் உறிஞ்சிவிடும் பயிர். சில போகங்களில் நிலம் களைத்துவிட, தோட்டக்காரர் அதனைக் கைவிட்டு அடுத்த காட்டை வெட்டினர். அவர்களுக்காக அந்தக் காட்டை வெட்டியவர்களிலும் நிலத்தைக் கொத்தியவர்களிலும் பெரும்பாலானோர் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் சந்ததியினருமாவர். மூடுவதற்கு மரமோ புல்லோ இல்லாத சரிவுகளில் மழை விழுந்தது. மண் ஓடைகளில் இறங்கி, ஓடைகள் வழியே ஆற்றுக்கு வந்து, வேகம் குறைந்த இடத்தில் படிந்தது. கப்பல்கள் நின்ற இடமும் அந்த வேகம் குறைந்த இடமும் ஒன்றாக இருந்தன.

பிளேடன்ஸ்பேர்க் தனித்ததோர் உதாரணமன்று. செசபீக் விரிகுடாவைச் சுற்றியுள்ள பல குடியேற்றக்காலத் துறைமுகங்களுக்கு இதே கதி நேர்ந்தது. பொட்டோமக் ஆற்றின் கிளையொன்றில் செழித்திருந்த போர்ட் டுபாக்கோ என்னும் துறை தூர்ந்துபோய், 1895இல் சார்ள்ஸ் கவுண்டியின் தலைநகர் என்ற தகுதியையும் லா பிளாட்டாவிடம் பறிகொடுத்தது. பால்டிமோர் கவுண்டியின் தலைநகராக இருந்த ஜொப்பா, 1768இல் பால்டிமோர் நகருக்கு அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது. அதன் துறையும் பின்னர் தூர்ந்து நிலமாயிற்று. மேட்டில் வாழ்பவர் மண்ணை இழந்தால் பள்ளத்தில் வாழ்பவர் துறையை இழப்பார் என்ற உண்மை, அப்பிரதேசத்து வரலாற்றில் இவ்வாறு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. எனினும் அதனை ஒரு சட்டமாக எழுதுவதற்கு மேலும் நெடுங்காலம் தேவைப்பட்டது.

ஓர் ஆறு, மூன்று நிருவாகங்கள்

அனகோஸ்டியா பெரிய ஆறன்று. பிளேடன்ஸ்பேர்க்கிலிருந்து பொட்டோமக்குடன் கலக்கும் இடம் வரை அதன் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மட்டுமே. ஆனால் அதற்கு நீரைக் கொண்டுவரும் நிலப்பரப்பு ஏறக்குறைய 176 சதுர மைல். இந்த நிலப்பரப்பு மூன்று நிருவாகங்களுக்கு உட்பட்டது. மேட்டில் மேரிலண்ட் மாநிலத்தின் மொன்ட்கொமரி கவுண்டி. நடுவில் அதே மாநிலத்தின் பிரின்ஸ் ஜோர்ஜஸ் கவுண்டி. அடியில் தலைநகர் வாஷிங்டன். கவுண்டி என்பதை எமது வழக்கில் மாவட்டம் எனலாம். ஆனால் அங்கே அது மக்களால் தெரிவுசெய்யப்படும் சபையையும், வரி விதிக்கும் உரிமையையும், கட்டட அனுமதி வழங்கும் அதிகாரத்தையும் உடைய உள்ளூராட்சி அமைப்பாகும். இவற்றுக்குள்ளே தமக்கெனச் சபைகளைக் கொண்ட சிறு நகரங்களும் பல உள்ளன. புலம்பெயர்ந்த தமிழர் பலர் அறிந்த லன்ஹம் முருகன் கோயில் அமைந்திருப்பது இந்தப் பிரின்ஸ் ஜோர்ஜஸ் கவுண்டியிலேதான்.

மழைநீர் இந்த எல்லைகளை அறியாது. உதாரணமாக, ஸ்லைகோ என்னும் ஓடை மொன்ட்கொமரியில் ஊற்றெடுத்து, பிரின்ஸ் ஜோர்ஜஸுக்குள் புகுந்து, அனகோஸ்டியாவின் வடமேற்குக் கிளையிற் கலந்து, ஈற்றில் தலைநகரை அடைகிறது. மேலேயுள்ள சபை ஒரு வீட்டுத் திட்டத்துக்கு அனுமதி வழங்கினால், வரி வருமானம் அந்தச் சபைக்குக் கிடைக்கும். அங்கிருந்து புறப்படும் சேற்றை அள்ளும் செலவு கீழேயுள்ளவர் தலையில் விழும். தலைநகரில் ஆற்றின் கிழக்குப் புறத்தில் வாழ்ந்தோர் பெரும்பாலும் வசதி குறைந்த கறுப்பின மக்கள் என்பதையும் இங்கு மறக்கலாகாது. ஆற்றின் அழுக்கு எவருடைய வாசலில் வந்து நின்றது என்ற கேள்வி, இந்த வரலாறு முழுவதிலும் அடியோட்டமாக இருக்கிறது.

இரு கவுண்டிகளும் சேர்ந்து செயற்படுவது புதிய செய்தியன்று. 1918இல் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாக ஒரு கூட்டு ஆணைக்குழுவையும், 1927இல் பூங்காக்களுக்கும் திட்டமிடலுக்குமாக இன்னொன்றையும் மேரிலண்ட் மாநிலம் அவற்றுக்கென அமைத்துக் கொடுத்தது. 1930இல் கொங்கிரஸ் நிறைவேற்றிய ஒரு சட்டத்தின் துணையுடன் ஓடைக்கரை நிலங்கள் பூங்காக்களாக வாங்கப்பட்டன. நீரையும் பூங்காவையும் பங்கிடக் கற்றுக்கொண்ட இரு சபைகளும் சேற்றைப் பற்றி மட்டும் நெடுங்காலம் பேசவில்லை.

வயலிலிருந்து வந்த பாடம்

மண்ணரிப்பு ஓர் அரசியற் பிரச்சினையாக அமெரிக்காவில் உருவெடுத்தது 1930களிலாகும். மத்திய சமவெளிகளில் ஏற்பட்ட வரட்சியும் தவறான உழவும் சேர்ந்து எழுப்பிய புழுதிப் புயல்கள், கிழக்குக் கரையோர நகரங்களின் வானத்தையும் இருளச் செய்தன. ஹியூ ஹமண்ட் பெனட் என்ற மண்ணியல் அறிஞரின் அயராத பிரசாரத்தின் பயனாக, 1935 ஏப்ரல் மாதத்தில் கொங்கிரஸ் மண் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் வாஷிங்டனில் இருந்துகொண்டு ஒவ்வொரு கமக்காரனின் வயலையும் காப்பாற்ற முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. 1937இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், மாநில ஆளுநர்கள் அனைவருக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பிவைத்தார். அதன்படி மாநிலந்தோறும் மண் பாதுகாப்பு வட்டாரங்கள் தோன்றின. உள்ளூர்க் கமக்காரரே அவற்றின் சபைகளில் அமர்ந்தனர். படிமுறை வரப்பும் சமவுயர உழவும் கற்பிப்பதற்கு மத்திய அரசின் நிபுணர்கள் வந்தனர். வட்டாரங்களுக்குத் தண்டிக்கும் அதிகாரம் பெரிதும் இருக்கவில்லை. அறிவுரையும் உதவியுமே அவற்றின் கருவிகள்.

மண்ணைக் காப்பது அரசின் கடமை என்ற எண்ணம் அந்தத் தலைமுறையில் பல நாடுகளில் சட்ட வடிவம் பெற்றது. இலங்கையிலும் 1951 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் அக்காலத்துக்கு உரியதே. ஆனால் இந்தச் சட்டங்களை ஆக்கியோர் மனக்கண்ணில் இருந்தது கலப்பையும் வயலும். அடுத்த பெரும் மண்ணரிப்பு வேறோர் இயந்திரத்தின் பின்னால் வந்தது.

புல்டோசர் வந்த காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் வாஷிங்டனின் அரசாங்க ஊழியர் தொகை பெருகிற்று. அவர்கள் குடியேறியது புறநகர்களில். 1950இல் ஏறத்தாழ 164,000 ஆக இருந்த மொன்ட்கொமரி கவுண்டியின் சனத்தொகை, 1960இல் 340,000 ஐயும் 1970இல் 520,000 ஐயும் தாண்டியது. பிரின்ஸ் ஜோர்ஜஸ் கவுண்டியில் அதே இருபது ஆண்டுகளில் 194,000 என்பது 660,000 ஆயிற்று. தலைநகரைச் சுற்றி வளைக்கும் 64 மைல் நெடுஞ்சாலை 1964இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. முன்னர் ஒரு கமக்காரன் சில ஏக்கர் நிலத்தைக் கொத்தினான். இப்போது ஓர் ஒப்பந்தக்காரர் நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒரே பருவத்தில் மரமும் புல்லுமின்றி உரித்து வைத்தார். வீடுகள் விற்பனையாகும் வரை, சிலவேளை ஓராண்டு, ஈராண்டு, அந்த நிலம் அப்படியே கிடந்தது.

விளைவு எல்லோருடைய கண்ணிலும் பட்டது. பொட்டோமக் மழைக்குப்பின் செந்நிறமாக ஓடியது. வர்ஜினியாவில், அலெக்சாண்ட்ரியா நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1915இல் அமைக்கப்பட்ட பார்குறொவ்ட் ஏரி, பின்னர் வீடுகள் சூழ்ந்த அழகிய நீர்நிலையாகி, மேல்நிலக் கட்டுமானங்களின் சேற்றால் நிரம்பத் தொடங்கியது. மத்திய அரசின் புவியியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த ஹரோல்ட் கை முதலிய ஆய்வாளர்கள் அந்த ஏரியையும், மேரிலண்டில் கென்சிங்டன் என்னும் ஊரின் வீட்டுத் திட்டம் ஒன்றையும் ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் அறிக்கைகளை வெளியிட்டனர். வர்ஜினியாவின் ஸ்கொட் ரன் ஓடையில் 1961 முதல் 1964 வரை நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வின் முடிவு திகைப்பூட்டுவது. நெடுஞ்சாலை அமைப்புக்காகத் திறந்துவிடப்பட்ட நிலம், எந்த நேரத்திலும் ஓடை நிலப்பரப்பின் சிறு பகுதியாகவே இருந்தது. ஆயினும் ஓடையில் வந்த வண்டலில் 85 வீதம் அந்தச் சிறு பகுதியிலிருந்தே வந்தது.

ஜொன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் வுல்மன் இந்தத் தனித்தனி அவதானங்களை ஒரே வரலாறாகக் கோத்துக் காட்டினார். குடிநீருக்குக் குளோரின் இடும் முறையைச் செம்மைப்படுத்திய ஏபல் வுல்மனின் மகன் அவர். 1967இல் வெளியான அவரது கட்டுரை மேரிலண்டின் நிலத்தை மூன்று நூற்றாண்டுகளுக்கு ஊடாகப் பார்த்தது. காடாக இருந்தபோது ஒரு சதுர மைலிலிருந்து ஆண்டொன்றுக்கு வெளியேறிய வண்டல் 100 தொன்னுக்கும் குறைவு. உழவு வந்தபோது அது சில நூறு தொன்களாயிற்று. கட்டுமானம் நடைபெறும்போதோ, திறந்து கிடக்கும் சிறு பரப்புகளில் அது 100,000 தொன் என்ற அளவையும் எட்டியது. ஆஷர் ஷிக் என்ற இஸ்ரேலிய அறிஞருடன் சேர்ந்து அதே ஆண்டில் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையில் உச்ச அளவு 140,000 தொன் எனக் கணிக்கப்பட்டிருந்தது. பல தசாப்தங்களில் வயலிலிருந்து கழுவப்படும் மண், ஒரே ஆண்டில் கட்டுமானத் தளத்திலிருந்து இறங்கிவிடுகிறது என்பதே இதன் பொருள்.

வுல்மன் கூறிய வட்டத்தில் நான்காம் கட்டமும் உண்டு. வீடுகளும் வீதிகளும் கட்டி முடிந்து, நிலம் கூரையாலும் தாராலும் மூடப்பட்டபின், மேலிருந்து வரும் மண் மிகக் குறைந்துவிடும். ஆனால் நீர் முன்னிலும் வேகமாக ஓடும். அந்தத் தெளிந்த வேக நீர் ஓடையின் கரைகளையே அரிக்கத் தொடங்கும். இக்கட்டத்தை அன்றைய சட்டவாக்குநர் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதன் விலையைப் பின்னர் பார்ப்போம்.

அறிவும் அதிகாரமும் சேர்ந்த இடம்

மொன்ட்கொமரி கவுண்டி 1965இல் கட்டுமானத் தளங்களுக்கான வண்டல் கட்டுப்பாட்டுத் திட்டமொன்றைத் தொடக்கியது. நாட்டிலேயே இத்தகைய முதலாவது உள்ளூர்த் திட்டம் இதுவெனக் கொள்ளப்படுகிறது. ஆரம்பத்தில் அது பெருமளவுக்கு ஒப்பந்தக்காரரின் ஒத்துழைப்பை நம்பியே நடந்தது. நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பது விரைவில் விளங்கிற்று. ஒழுங்காகச் செலவு செய்யும் ஒப்பந்தக்காரர், செலவு செய்யாத போட்டியாளரிடம் தோற்றார். கடுமையாக நடக்கும் சபை, கட்டுமானத்தை எல்லைக்கு அப்பாலுள்ள சபைக்கு விரட்டிவிடும் என்ற அச்சமும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே விதி இருந்தாலன்றி எவரும் விதிக்கு உட்படமாட்டார் என்பது தெளிவாயிற்று.

1970இல் மேரிலண்ட் மாநிலச் சட்டமன்றம் வண்டல் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. மாநிலம் முழுவதற்கும் கட்டாயமான இத்தகைய சட்டங்களில் இது மிக ஆரம்பகாலத்தது. இதன் சிறப்பு, புதிதாக ஒரு பெரிய திணைக்களத்தை அமைக்காமல் ஏற்கெனவே இருந்த அமைப்புகளைப் பிணைத்த விதத்தில் இருக்கிறது. மண் பாதுகாப்பு வட்டாரத்துக்கு மண்ணைப் பற்றிய அறிவு இருந்தது, அதிகாரம் இருக்கவில்லை. கவுண்டிக்கும் நகரசபைக்கும் கட்டட அனுமதி என்ற அதிகாரம் இருந்தது, மண்ணறிவு இருக்கவில்லை. சட்டம் இரண்டையும் சேர்த்தது. நிலத்தைத் திறக்க விரும்புபவர், மண்ணை எவ்வாறு தடுத்து நிறுத்துவார் என்ற வரைபடத்தை வட்டாரத்திடம் சமர்ப்பித்து ஒப்புதல் பெறவேண்டும். அந்த ஒப்புதல் இல்லாமல் கவுண்டியோ நகரசபையோ நிலம் சமன்படுத்தும் அனுமதிப்பத்திரத்தை வழங்கக்கூடாது. மாநிலம் தொழில்நுட்ப நியமங்களை வகுக்கும். கமக்காரருக்கு வரப்புக் கட்டச் சொல்லிக் கொடுத்த வட்டார அலுவலர்கள், இவ்வாறு பல்மாடிக் கட்டடங்களின் வரைபடங்களைப் பரிசீலிப்பவர்களாயினர்.

அந்த வரைபடங்களில் உள்ளவை கடினமான நுட்பங்களல்ல. தளத்தின் தாழ்ந்த ஓரத்தில் அடி புதைக்கப்பட்ட துணிவேலி. அது நீரைச் சற்றுத் தேக்கிவைத்து மண்ணைப் படியவிடுகிறது. அதிலும் பெரிய அளவில் வண்டற் குட்டை. லொறிச் சில்லுகள் சேற்றை வீதிக்குக் கொண்டுசெல்லாதவாறு வாசலில் பரப்பப்பட்ட பெருங்கற்கள். வெறும் மண்மீது வைக்கோலும் புல்விதையும். எல்லாவற்றிலும் மேலானது, ஒரே நேரத்தில் முழு நிலத்தையும் உரிக்காமல் பகுதி பகுதியாக வேலை செய்வது. மணல் விரைவில் அடியிற் படியும். களிமண்ணின் நுண்துகளோ நாட்கணக்கில் நீரில் மிதக்கும். ஆகவே புறப்பட்ட மண்ணைப் பிடிப்பதைவிட, புறப்படாமல் மூடிவைப்பதே மேல் என்ற பாடத்தை ஆய்வாளர்கள் படிப்படியாகக் கற்றனர்.

1972 ஜூனில் வீசிய அக்னஸ் சூறாவளி அப்பிரதேசம் முழுவதையும் உலுக்கியது. செசபீக் விரிகுடாவுக்குள் பெருந்தொகையான வண்டல் சென்று இறங்கியது. பார்குறொவ்ட் ஏரியின் அணை உடைப்பெடுத்து ஏரி வடிந்தது. அதன் கரைவாசிகள் அடுத்த ஆண்டில் சட்டப்படி ஒரு நீரேந்துபிரதேச வட்டாரத்தை அமைத்துத் தமக்குத் தாமே வரி விதித்துக்கொண்டனர். அதே 1973இல் வர்ஜினியாவும், தெற்கே வட கரோலினாவும் தத்தமது மாநில மண்ணரிப்புச் சட்டங்களை நிறைவேற்றின.

சட்டம் இருந்தும் சேறு நிற்கவில்லை

காகிதத்தில் சட்டம் சிறப்பாகவே இருந்தது. தளத்தில் நிலைமை வேறு. துணிவேலி சாய்ந்து கிடக்கும். வண்டற் குட்டை நிரம்பியும் எவரும் அதைத் தோண்டியிரார். வரைபடத்தை அங்கீகரிப்பவர் ஒருவர், தளத்தைப் பார்வையிடுபவர் வேறொருவர், வழக்குத் தொடரவேண்டியவர் மூன்றாமவர். தன் கவுண்டியின் வளர்ச்சியைத் தடுப்பவர் என்ற பெயரை எடுக்க எந்தச் சபை உறுப்பினரும் விரும்பார். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குள் பொறுப்பை ஒருவர் மீது ஒருவர் தள்ளிவிடும் வசதியும் ஒளிந்திருக்கிறது என்பதற்கு இது நல்ல சான்று.

1984இல் மேரிலண்ட் சட்டமன்றம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றது. சட்டத்தை அமுல்படுத்தும் அதிகாரம் உள்ளூராட்சிகளிடமிருந்து மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. தகுதியை நிரூபிக்கும் கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் அந்த அதிகாரத்தை மாநிலம் மீண்டும் ஒப்படைக்கலாம். சரியாகச் செய்யாவிடின் திரும்பப் பெறலாம். மொன்ட்கொமரி, பிரின்ஸ் ஜோர்ஜஸ் போன்ற பெரிய கவுண்டிகளும், ரொக்வில், கெய்தர்ஸ்பேர்க் போன்ற நகரங்களும் இவ்வாறு அதிகாரம் பெற்றுச் செயற்படுகின்றன. வசதியற்ற இடங்களில் மாநில ஆய்வாளரே தளத்துக்குச் செல்கிறார். தளத்தில் பொறுப்பாக உள்ளவர் இதற்கான பயிற்சிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அதிகாரப் பரவலாக்கம் பற்றி எம்மவர் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றோம். பரவலாக்கப்பட்ட அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்கும் ஏற்பாடும் உடன்வர வேண்டும் என்பதற்கு இந்தச் சிறிய சட்டத்திருத்தம் எடுத்துக்காட்டாகும்.

ஆற்றை ஒன்றாகப் பார்த்த உடன்படிக்கைகள்

1983 டிசம்பரில் மேரிலண்ட், வர்ஜினியா, பென்சில்வேனியா ஆகிய மாநிலங்களும் தலைநகரும் மத்திய அரசும் செசபீக் விரிகுடாவைக் காக்கும் முதலாவது உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அதனையடுத்து 1984இல் அனகோஸ்டியாவுக்கென மேரிலண்ட் மாநிலமும் தலைநகரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஆனால் கட்டட அனுமதி வழங்கும் பேனா மாநிலத்தின் கையில் இல்லை. கவுண்டிகளின் கையில் இருந்தது. 1987 உடன்படிக்கையில் மொன்ட்கொமரியும் பிரின்ஸ் ஜோர்ஜஸும் கைச்சாத்திட்ட பின்னர்தான் ஒத்துழைப்பு மெய்யான பொருள் பெற்றது.

இந்த உடன்படிக்கையின் கீழ் அமைந்த மீட்புக் குழுவுக்கு அலுவலகமாக இயங்கியது, 1957 முதல் தலைநகர்ப் பிரதேசத்து உள்ளூராட்சிகள் சேர்ந்து நடத்திவரும் மாநகர உள்ளூராட்சிகள் மன்றம். இந்த மன்றத்துக்கு எவர் மீதும் வரி விதிக்கவோ எவரையும் தண்டிக்கவோ அதிகாரமில்லை. அது செய்தது வேறு. எல்லைகளைத் தாண்டி ஓடைகளை அளந்து, ஒரே வரைபடத்தில் இட்டது. 1987இல் தோமஸ் ஷூலர் எழுதி இம்மன்றம் வெளியிட்ட நகர மழைநீர்க் கட்டுப்பாட்டுக் கைநூல் பின்னர் நாடெங்கும் பயன்பட்டது. 1991இல் குழு ஆறு குறிக்கோள்களை வகுத்தது: மாசைக் குறைத்தல், ஓடைகளைச் சீராக்குதல், புலம்பெயரும் மீன்களுக்கு வழிவிடல், ஈரநிலங்களைப் பெருக்கல், காட்டை விரிவாக்கல், மக்களுக்கு அறிவூட்டல் என்பவை அவை.

முன்னர் கூறிய ஸ்லைகோ ஓடையில் இதன் பயன் கண்கூடாகத் தெரிந்தது. மேல்நிலத்தில் மழைநீரைத் தேக்கும் குட்டைகள் அமைக்கப்பட்டு, ஓடைப்படுகை சீரமைக்கப்பட்ட பின்னர், மறைந்துபோயிருந்த உள்ளூர் மீனினங்கள் 1990களில் மீண்டும் கொண்டுவந்து விடப்பட்டன. தலைநகருக்குள் கெனில்வேர்த் சதுப்புநிலம் 1993 அளவில் மீள உருவாக்கப்பட்டபோது, அதற்குப் பயன்பட்டது ஆற்றடியில் தோண்டி எடுத்த வண்டலே. மேட்டு நிலங்கள் இழந்த மண்ணில் ஒரு சிறு பங்கு இவ்வாறு பறவைகளுக்கும் நாணல்களுக்கும் வாழ்விடமாயிற்று.

மத்திய அரசின் பங்கு

1972 ஆம் ஆண்டின் தூயநீர்ச் சட்டம் தொழிற்சாலைக் குழாய்களையும் கழிவுநீர்க் குழாய்களையுமே முதலில் குறிவைத்தது. மழைநீரும் ஒரு மாசு வழி என்பதைக் கொங்கிரஸ் 1987 திருத்தத்தில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அதன்படி 1990 நவம்பரில் வெளியான முதற்கட்ட விதிகள் 100,000 பேருக்கு மேற்பட்டோர் வாழும் நகரங்களையும் கவுண்டிகளையும், 5 ஏக்கருக்குக் குறையாத கட்டுமானத் தளங்களையும் உள்ளடக்கின. 1999 டிசம்பரில் வந்த இரண்டாம் கட்ட விதிகள் நகர்ப்புறத்துச் சிறு ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டன. கட்டுமானத் தளத்துக்கான எல்லை ஓர் ஏக்கராகக் குறைந்தது. இவை 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன.

இந்த இரண்டாம் கட்டம் உள்ளூர் ஒத்துழைப்பை நாடு முழுவதற்கும் பரப்பியது எனலாம். ஒரு பொறியியலாளரைக்கூடச் சம்பளத்துக்கு அமர்த்த முடியாத சிற்றூர், பொதுமக்கள் கல்வி முதல் தளப் பரிசோதனை வரை ஆறு கடமைகளைத் தனித்து நிறைவேற்றுவது எவ்வாறு? விதிகளே அதற்கு வழி கூறின. அயல் சபைகள் ஒரே அனுமதிப்பத்திரத்தின் கீழ்ச் சேரலாம். ஒரு கடமையைக் கவுண்டியோ வேறோர் அமைப்போ தமக்காகச் செய்துதர உடன்படலாம். ஆனால் ஒப்புக்கொண்டவர் செய்யத் தவறினால், இறுதிப் பொறுப்பு அனுமதிப்பத்திரம் பெற்ற சபையையே சாரும். 1984இல் மேரிலண்ட் கற்ற பாடம் இங்கேயும் எதிரொலிப்பதைக் காணலாம்.

மேரிலண்டின் சொந்த நியமங்களும் காலப்போக்கில் இறுகின. 2011இல் திருத்தப்பட்ட நியமங்களின்படி, தளத்தின் ஓரங்களும் செங்குத்துச் சரிவுகளும் வேலை நின்ற 3 நாட்களுக்குள்ளும், ஏனைய பரப்பு 7 நாட்களுக்குள்ளும் மூடப்படல் வேண்டும். முன்னர் இந்தக் கெடு 7 நாட்களாகவும் 14 நாட்களாகவும் இருந்தது. ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய நிலத்துக்கும் பொதுவாக 20 ஏக்கர் என்ற வரம்பு இடப்பட்டது.

தீராத கணக்கு

இத்தனைக்கும் பின்னர் அனகோஸ்டியா தெளிந்து ஓடுகிறதா? இல்லை. வுல்மன் 1967இல் எழுதிய நான்காம் கட்டம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. நீரேந்துபிரதேசத்தின் பெரும்பகுதி கட்டி முடிந்துவிட்டது. இன்று ஆற்றுக்கு வரும் வண்டலிற் பெரும்பங்கு புதிய கட்டுமானத் தளங்களிலிருந்து வருவதில்லை. தாரும் கூரையும் விரட்டிவிட்ட நீர் அரித்தெடுக்கும் ஓடைக்கரைகளிலிருந்தே வருகிறது. அந்தக் கரைகளில் இருப்பதிலும் ஒரு பகுதி, புகையிலைக் காலம் முதல் மேட்டிலிருந்து இறங்கித் தேங்கிய பழைய மண். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு சரிவை விட்டுப் புறப்பட்ட மண், இடையில் ஓடைக்கரையில் தங்கி, இப்போது மீண்டும் பயணத்தைத் தொடர்கிறது.

மழைநீர் முகாமைச் சட்டத்தை மேரிலண்ட் 1982இல் இயற்றியது. மழை விழுந்த இடத்திலேயே அதனை நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்ற கோட்பாட்டை 2007இல் கட்டாயமாக்கியது. ஆனால் 1982க்கு முன்னர் கட்டப்பட்ட புறநகர்கள் இந்தப் பாதுகாப்பு எதுவுமின்றி எழுந்தவை. அவற்றைத் திருத்தும் செலவு, முதலிலேயே சரியாகக் கட்டியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய செலவைவிடப் பன்மடங்கானது. 2010இல் மத்திய அரசு விரிகுடா முழுவதற்கும் நைதரசன், பொசுபரசு, வண்டல் ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதித்தபின், அந்தச் செலவு ஒவ்வொரு கவுண்டியின் வரவுசெலவுத் திட்டத்திலும் ஓர் உருப்படியாக அமர்ந்துகொண்டது. அன்று வீடு கட்டி விற்றவர்களின் இலாபம் அவர்களிடமே தங்கிவிட்டது. கணக்கைத் தீர்ப்பவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்து வரியிறுப்பாளர்கள்.

ஆயினும் இந்த வரலாற்றைத் தோல்வி எனக் கூறுவது நியாயமாகாது. அதே வேகத்தில் அதே சனத்தொகை குடியேறி, 1970 சட்டமும் அதன் திருத்தங்களும் இல்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பிளேடன்ஸ்பேர்க்கின் தூர்ந்த துறையே சொல்லும். 1984 உடன்பாடு முதல் இன்றுவரை, ஆட்சிகளும் கட்சிகளும் எத்தனையோ முறை மாறியும், மேட்டு நிலத்து அலுவலரும் கீழ்நிலத்து அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வரைபடத்தைப் பார்ப்பது நிற்கவில்லை. 2010இல் இராணுவப் பொறியியற் படையுடன் சேர்ந்து இவ்வமைப்புகள் வெளியிட்ட மீட்புத் திட்டம், ஆற்றின் ஒவ்வொரு கிளை ஓடைக்கும் தனித்தனியே செய்யவேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டது.

மலைச்சரிவுகளில் வீடும் விடுதியும் வீதியும் எழுப்பப்படும் எந்த நாட்டிலும் இதே கேள்வி எழும். அனுமதி வழங்கும் சபை ஒன்று; மண் போய் விழும் கிராமம் இன்னொரு சபைக்கு உட்பட்டது. அந்த இரு சபைகளும் முதன்முறையாகச் சந்திப்பது அனர்த்த நிவாரணக் கூட்டத்தில்தான் என்றால், சந்திப்பு மிகவும் பிந்திவிட்டது என்றே கொள்ளவேண்டும். மேரிலண்டில் அந்தச் சந்திப்பு ஒரு துறைமுகத்தை இழந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகே நிகழ்ந்தது.